ஒரே பக்கெட்டில் ஊற்றாதே

கடையில் நிற்கிற எந்தப் பாட்டிலும் முன்பக்கத்தில் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும். அதன் குற்றங்களை முதுகுப் பக்கம் எழுதி ஒட்டுவதற்கென்று ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். ஆந்திராவில், திருப்பதியை அடுத்த ஏர்பேடு பக்கம் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனியில் வேலை. கழிவறை கழுவுகிற ஆசிட், பிளீச்சிங் திரவம், பினாயில், குப்பம் ஊர் கிரானைட் பட்டறைகளுக்குக் கறை நீக்கி, இவைதான் எங்கள் சரக்கு. எது எரிக்கும், எது புகையும், எது கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் லேபிளில் எழுதுவதும், ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பாதுகாப்புத் தாள் தயாரிப்பதும் என் பொறுப்பு. கம்பெனியில் எனக்குப் பெயர் 'லேபிள் மேடம்'. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது, அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

மருந்துப் பாட்டிலில் 'குலுக்கிவிட்டுக் குடிக்கவும்' என்று எழுதுகிறவர்களே, லிஃப்டில் 'ஆறு பேர் மட்டும்' என்று ஒட்டுகிறவர்களே, பள்ளிக்கூட டைரியில் பெற்றோருக்குக் குறிப்பு எழுதுகிற டீச்சர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, புரிந்தாலும் படிக்க மாட்டார்கள்.

வெயிலுக்கு ஒரு தாள்

பாதுகாப்புத் தாளில் பதினாறு பிரிவு உண்டு. சரக்கு போகிற வண்டியில் அது இருந்தே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராப்பகலாக உட்கார்ந்து எழுதி, மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்து, எங்கள் வேன் டிரைவர் முனிரத்தினத்திடம் கொடுத்தேன். சாந்திபுரத்துக்காரர், ஐம்பது வயது, எந்தக் கேள்விக்கும் வாயிலேயே பதில் வைத்திருப்பவர். ஒரு வாரம் கழித்து வேனைப் பார்த்தால், என் பதினாறு பிரிவும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் கயிறு போட்டுத் தொங்குகிறது. எழுத்தெல்லாம் வெளிப்பக்கம், வெற்றுப் பக்கம் அவர் முகத்துக்கு நேராக. வெயில் அடிக்கிறதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்ததில் ஒன்று உறைத்தது. நாள் பூராவும் அவர் பார்த்துக்கொண்டே போகிற இடம் அந்த வெற்றுப் பக்கம்தான். மறுநாள் அதில் கொட்டை எழுத்தில் மூன்றே வரி எழுதி ஒட்டினேன். வண்டியை ஓரம் கட்டு. சிந்தினதுமேல் மண்ணைப் போடு. இந்த நம்பருக்குப் பேசு. இரண்டு மாதம் போயிருக்கும். பலமநேர் ஏற்றத்தில் ஒரு ஆசிட் கேன் மூடி விட்டுக்கொண்டு ஒழுகியிருக்கிறது. வேறு டிரைவராக இருந்தால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை அடித்து ரோடு முழுக்கப் பரப்பியிருப்பார். இவர் ஓரம் கட்டி, மண் வாரிப் போட்டு மூடி, கிட்டே வந்த ஆட்டு மந்தையை விரட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். நான் ஆனந்தத்தில் வாழ்த்து மழை பொழிந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இனிமே வெயிலு அடிக்காத பக்கமா எழுதிக் குடுங்க மேடம், படிச்சிக்கினே போறேன்."

கண் எரிந்தால் நல்ல மருந்து

எழுதினால் மட்டும் போதாது, எழுதினது எங்கே போய் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புத்தி வந்தது. மாதம் ஒரு தடவை முனிரத்தினத்தின் வேனிலேயே தொற்றிக்கொண்டு திருப்பதி லாட்ஜ்களுக்குப் போக ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலு மாடி லாட்ஜ் ஒன்று. அங்கே மூன்றாவது மாடிக்குக் கன்னியம்மாக்காதான் பொறுப்பு. நகரிப் பக்கத்துத் தமிழ்க்காரம்மா. மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு கீழே வருகிறவர்கள் குளித்தால் பாத்ரூம் தரையெல்லாம் மஞ்சள். ஒரு குடும்பம் ரூமைக் காலி செய்து அடுத்த குடும்பம் நுழைவதற்குள் அந்த மஞ்சள் போக வேண்டும். கன்னியம்மாக்கா எங்கள் கம்பெனியின் நீல பாட்டிலைத் திறந்து பக்கெட்டில் ஊற்றினார். அது ஆசிட். அப்புறம் பச்சை பாட்டிலைத் திறந்து அதே பக்கெட்டில் ஊற்றினார். அது பிளீச்சிங்.

இரண்டும் சேர்ந்தால் குளோரின் புகை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆளையே சாய்த்துவிடும். ஒரு கத்து கத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். படிக்கட்டில் உட்கார்ந்து விடாமல் இருமினார். தினமும் இப்படித்தானாம். படுத்தால் இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்கல், டாக்டர் தூசி என்றாராம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் அந்த இரண்டு பாட்டிலையும் சிவப்பு ரிப்பனால் சேர்த்துக் கட்டி 'இரட்டைச் சக்தி' என்று விற்பதே எங்கள் கம்பெனிதான். 'மற்றதோடு கலக்கக் கூடாது' என்று நான் எழுதியிருந்தேன். எங்கே? முதுகுப் பக்கம், அடியில், எறும்பு எழுத்தில். அக்காவுக்குப் படிக்கவும் தெரியாது. வெட்கமாக இருந்தது. அந்த ரிப்பனை அவிழ்க்காமல் விடுவதில்லை, அந்த ஒரு வரியை முன்பக்கத்துக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை, இல்லாவிட்டால் இந்த அம்மாவின் நெஞ்சு நம் கையாலேயே போகும் என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேற்றினார்:

"அய்ய, இன்னாத்துக்கு இப்டி பயந்துக்கற? கண்ணு எரிஞ்சாத்தான மருந்து ஒயுங்கா வேல செய்துன்னு அர்த்தம்!"

மல்லிகைக்கு முக்கால் பங்கு

எங்கள் முதலாளி சுதாகர் சார் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆனால் லேபிள் என்று வந்தால் அவருக்கு மல்லிகைப் பூ வேண்டும். பாட்டிலின் முன்பக்கத்தில் முக்கால் பங்கு மல்லிகை, மிச்சக் கால் பங்கில் கம்பெனி பெயர். உள்ளே இருப்பது ஆசிட், அதற்கும் மல்லிகைக்கும் ஜன்மத்தில் சம்பந்தம் இல்லை. நான் போய், "சார், விரல் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை கொடுங்கள், பச்சையும் நீலமும் சேர்க்காதே என்று தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் போட்டுவிடுகிறேன், ரிப்பனையும் எடுத்துவிடலாம்" என்றேன். அவர் ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார். மூன்று இதழ் போய்விடும் என்றார். ரிப்பன் கட்டின ஜோடிதான் இருப்பதிலேயே அதிகமாகப் போகிற சரக்கு என்றார்.

மூன்று மாதம் மல்லுக்கு நின்றேன். கன்னியம்மாக்காவைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடிப்போய், தெலுங்கு மரியாதையோடு "பாவமண்டி" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டார், அப்புறம் ஸ்கேலை டிராயரில் போட்டு மூடிவிட்டார். அந்த மூன்று மாதமும் மல்லிகையைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை, தலையில் வைப்பதையே நிறுத்தினேன். லாட்ஜுக்குப் போகும்போதெல்லாம் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடிவிட்டு வருவேன். நான் நிற்கிற வரை தனித்தனியாக ஊற்றுவார், நான் படியிறங்கினதும் பழைய கதைதான் என்று முனிரத்தினம் சொல்வார். கடைசியாக ஒரு நாள் சுதாகர் சார் என்னை உட்கார வைத்து, பொறுமையாக வியாபாரம் கற்றுக்கொடுத்தார்:

"பூவைப் பாத்து எடுக்கறாங்க மேடம். முன்னாடியே விஷம், புகைன்னு போட்டா யாரு வாங்குவாங்கண்டி?"

முதல் ஊற்று முதலாளி கையால்

எங்கள் கம்பெனியில் ஆயுதபூஜை என்றால் பெரிய அமர்க்களம். மிக்ஸர், மோட்டார், வேன், எடை மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நீல டிரம்களுக்கும் உண்டு. டிரம்மில் வெள்ளையாக இருக்கிற ஒரே இடம் என் லேபிள். பொட்டு அங்கே வைத்தால்தான் எடுப்பாகத் தெரியும் என்று, எல்லா லேபிள் மேலும் உள்ளங்கை கனத்துக்குச் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். ஆசிட் டிரம்மும் நீலம், பிளீச்சிங் டிரம்மும் நீலம். சந்தனம் காய்ந்ததும் எது எது என்று சாமிக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் விஜயதசமி. முதல் ஊற்று முதலாளி கையால் ஊற்றித்தான் வேலை தொடங்க வேண்டும், அது வழக்கம். மற்ற நாளில் டிரம் பக்கமே வராத சுதாகர் சார் பட்டு வேட்டியும் மாலையுமாக வந்தார். நான் வாசலில் தேங்காய்த் தட்டோடு நிற்கிறேன். அவர் கையெட்டின டிரம்மில் ஒரு ஜக் பிடித்து, பக்கத்திலிருந்த பிளீச்சிங் தொட்டியில் பக்தியோடு ஊற்றினார். ஊற்றினது ஆசிட். பொங்கிக்கொண்டு மஞ்சள் பச்சையாய் ஒரு புகை. தட்டைப் போட்டுவிட்டு, "எல்லாரும் வெளிய வாங்க" என்று நான் அலற, முனிரத்தினம் முதலாளியை இடுப்போடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டார். ஷட்டர்கள் அத்தனையும் திறந்துவிட்டோம். நல்லவேளை, ஒரு ஜக்கோடு போனது.

டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். சுதாகர் சார் கண்ணும் மூக்கும் ஒழுக, மாலையோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். எனக்குப் பரிதாபம்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "கண்ணு எரிஞ்சா மருந்து நல்லா வேல செய்யுதுன்னு திருப்பதியில சொல்றாங்க சார்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இருமலுக்கு நடுவில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"முதல்ல அந்த ரிப்பனை அவுத்துடுங்கண்டி மேடம்."

சாமிக்கு ஒரு வட்டம்

ரிப்பன் அன்று சாயங்காலமே குப்பைக்குப் போனது. ஆசிட் டிரம்களுக்குச் சிவப்புப் பட்டை அடித்தோம். மல்லிகை மூன்று இதழை இழந்தது. வெற்றி மிதப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். 'லேபிள் மேல் சந்தனம் பூசக் கூடாது' என்று ஒரு உத்தரவை டைப் அடித்து ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு, என் உத்தரவுக்கே பொட்டு வைத்துவிட்டார்கள்.

சரி, எதிரில் இருப்பது சாமி, போட்டி போட்டு ஜெயிக்கிற ஆளா? புது லேபிளில் வலது மேல் மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெறும் வட்டம் அச்சடித்தேன். அதில் ஒரு எழுத்தும் இல்லை, ஒரு படமும் இல்லை. யாருக்கும் எதுவும் சொல்லவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், வரிசையாக அத்தனை டிரம்மிலும் பொட்டு அந்த வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, ஒரு சொட்டு வெளியே இல்லை. ஆசிட் என்கிற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு என் டிபன் பாக்ஸில் மூன்று பேர் சுண்டல் வைத்தார்கள். முனிரத்தினம் டிரம்மையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாமிக்கும் எடம் வுட்டுட்டீங்க மேடம், இனிமே ஒங்களோட சண்ட போட எங்களுக்குச் சாக்கே இல்ல."

நம்ம பக்கெட்டு

முன்பக்கப் பட்டை கிடைத்துவிட்டது. ஆனால் கன்னியம்மாக்காவுக்குப் படிக்கத் தெரியாதே. அதற்கென்ன, அரிக்கிற பொருளுக்கு உலகம் பூராவும் ஒரே படம் இருக்கிறதே என்று இருந்தேன். குழாயிலிருந்து சொட்டு விழுகிறது, கீழே ஒரு கை, கை கரைகிறது. சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மாதிரி லேபிளை எடுத்துப் போய், "இதப் பாத்தா இன்னாக்கா தோணுது?" என்றேன். அக்கா யோசிக்கவே இல்லை. "வேல முடிஞ்சதும் கையில ஊத்திக் கயுவணும்னு போட்டுக்கீது" என்றார். எனக்குத் தலை சுற்றியது. எத்தனை வருஷமாக எத்தனை பாட்டிலில் இந்தப் படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்!

அங்கேயே தரையில் உட்கார்ந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். எப்படிப் போட்டால் ஊற்றாமல் நிறுத்துவீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அக்கா சொல்லச் சொல்ல வரைந்தேன். ஒரு பக்கெட், அதன்மேல் நீலமும் பச்சையும் இரண்டு பாட்டில், குறுக்கே சிவப்புக் கோடு. பக்கெட்டைப் பார்த்து "இது இன்னா, அண்டாவா?" என்றார். கைப்பிடி போட்டேன். போதாது, ஓரத்தில் தண்ணீர் மொள்ளுகிற மக்கு மாட்டியிருக்க வேண்டுமாம். பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற மாதிரி வரைந்தேன். அவளுக்குப் பொட்டு இல்லை என்று குறை சொன்னார், பொட்டு வைத்தேன். அடியில் தனித்தனியாக இரண்டு பக்கெட், அவற்றுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, அக்கா உத்தரவு கொடுத்தார்:

"ஆங், இப்பத்தான் நம்ம பக்கெட்டு மாதிரி கீது. போய் அச்சடி, போ."

படித்தவர் படிக்கட்டும்

புது லேபிள் போன பிறகு அக்காவின் இருமல் அடங்கிவிட்டது. மூன்று மாடி ஏறிவிட்டும் பேசிக்கொண்டே வருவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில் லாட்ஜுக்குப் புது சூப்பர்வைசர் ஒருத்தர் வந்தார். படித்தவர், டை கட்டினவர், எப்போதும் வாட்சைப் பார்ப்பவர். கோடை லீவுக் கூட்டம். நானும் முனிரத்தினமும் சரக்கோடு மூன்றாவது மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. ரூமுக்காகப் பெட்டி படுக்கையோடு வராந்தாவில் ஒரு கும்பல் காத்திருக்கிறது, எல்லாத் தலையிலும் புதுச் சந்தனம். சூப்பர்வைசர் அக்காவிடம், "எதுக்கு ரெண்டு தடவை கழுவறே? ரெண்டையும் ஒண்ணா ஊத்தி ஒரே தேய்ல முடி. பழைய ஆளுங்க அப்படித்தான் செஞ்சாங்களாமே" என்கிறார். "ஊத்த மாட்டேன் சார்" என்றார் அக்கா. "ஊத்தலன்னா யூனிஃபார்மைக் கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போ. நாளைலருந்து வர வேணாம்."

அந்த வேலையை நம்பித்தான் அவர் வீடு ஓடுகிறது, எனக்குத் தெரியும். நான் பாய்ந்துவிட்டிருப்பேன். முனிரத்தினம், "இருங்க மேடம், அக்காவே பேசும்" என்று தடுத்தார். அக்கா கத்தவில்லை, அழவில்லை. நீல பாட்டிலை எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, சூப்பர்வைசர் கையில் கொடுத்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது சார். இதுல இன்னா போட்டுக்கீதுன்னு நீங்களே படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க. அப்பறமும் ஊத்தச் சொன்னா ஊத்தறேன்." வராந்தா முழுக்க அவரையே பார்த்தது. வேறு வழியில்லை, தெலுங்கில் படிக்க ஆரம்பித்தார். பச்சையையும் நீலத்தையும் ஒரே பக்கெட்டில் ஊற்றாதே. விஷப் புகை வரும். உயிர் போகும். குரல் இறங்கிவிட்டது. காத்திருந்த பெரியவர் ஒருவர், "கேக்கல, கொஞ்சம் உரக்கப் படிங்க" என்றார். மறுபடி படித்தார். பாட்டிலைத் திருப்பி முதுகுப் பக்கமும் படித்தார், கண்ணில் பட்டால் என்ன, தோலில் பட்டால் என்ன, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் வரைக்கும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கும்பல் தானாகவே நாலடி பின்னால் நகர்ந்தது. "ரெண்டு தடவையே கழுவட்டும் சார், நாங்க காத்திருக்கோம்" என்றார் அந்தப் பெரியவர்.

சூப்பர்வைசர் கீழே போனார். திரும்பி வரும்போது கையில் இன்னொரு பக்கெட், அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அதை அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, "படிக்கத் தெரியாதுன்னு சொன்னியே, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சந்தோஷத்தில் முனிரத்தினத்தின் தோளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மாக்கா படத்தில் இருமுகிற பொம்பளையின் மேல் விரலை வைத்துக் காட்டிச் சொன்னார்:

"எனக்குப் படமாப் போட்டுக் குடுத்துக்கீறாங்க சார். நீங்க படிச்சவரு, ஒங்களுக்கோசரம்தான் எயுத்துல எயுதிக்கீறாங்க."

இத்தனை வருஷத்தில் நான் எழுதின ஒரு லேபிளை ஒரு மனிதர் மேலிருந்து கீழ் வரை வாய்விட்டுப் படித்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான், அதுவும் அவர் தப்பிக்க வழியில்லாமல் படித்தது, ஆனாலும் எழுதுகிறவளுக்கு அது போதும்.